நூற்று நாற்பது மூட்டைக் கடல்மண்

பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இதெல்லாம் படத்துக்கு மட்டும்தானே என்ற எண்ணம் வந்தது. தூத்துக்குடிக் கடற்கரை. அறுபது பள்ளிப் பிள்ளைகள், அறுபது புதுத் துடைப்பம். அரை மணி நேரத்தில் குப்பையை எல்லாம் கூட்டி மூன்று குவியலாக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் புகைப்படக்காரர் வந்து இறங்கினார். கூட்டுகிற மாதிரி படம் வேண்டுமே என்றார். நிகழ்ச்சியை நடத்தியவர் கொஞ்சமும் கூசாமல் குவியலைக் கலைத்து மறுபடி பரப்பச் சொன்னார். பிள்ளைகள் பரப்பினார்கள். பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கூட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜெனிற்றாவின் குரல்செய்தி வந்தது. ஜெனிற்றா என் கல்லூரித் தோழி. எங்கள் ஊர்ப் பக்கத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிந்ததும் குடும்பத்தோடு மன்னார்த் தீவுக்குத் திரும்பி, இப்போது பேசாலையில் ஆசிரியை. "வாற சனி என்ர பிள்ளையள் இருபத்திரண்டு பேர் பாப்பாமோட்டைக்குப் போயினம். அங்கை ஒரு வாய்க்கால் கட்டு உடைஞ்சு போச்சு, அடைக்கப் போறம். படம் எடுக்க ஒருத்தரும் இல்லை. நீ வாறியோ?"

பதாகையின் முனையைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்தேன்.

மூன்று வருடமாக ஒரே சண்டையைத்தான் நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளால் உண்மையான வேலை செய்ய முடியும் என்பது என் கட்சி. பிள்ளைகள் படிக்கட்டும், சேவை என்றால் வருடத்துக்கு ஒரு படம் போதும் என்பது மற்ற எல்லாருடைய கட்சி. கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்று கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மன்னார் பட்டணத்தில் பேசாலைக்குப் பஸ் ஏறினேன். நடுத்தெருவில் ஏழெட்டுக் கழுதைகள் நின்றன. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. அவை நகரும்வரை பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் ஒரு மாடு குறுக்கே நின்றால் பத்து ஹாரன் கேட்கும். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வழியில் பெரிய மாதா கோயில் ஒன்று தெரிந்ததும், இவ்வளவு பெரிய கோயில் இருந்தால் பேசாலையாகத்தான் இருக்கும் என்று யாரிடமும் கேட்காமல் குதித்து இறங்கிவிட்டேன். இறங்கிய இடம் தோட்டவெளி. பஸ் போய்விட்டது.

கடை வைத்திருந்த அம்மா ஒருவர் என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தார். கதிரை எடுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் ஒரு மீன் பணிஸும் தந்தார். உள்ளே கிழங்கும் மீனும் மிளகும் வைத்த பன், சூடாக இருந்தது. பேசாலைப் பக்கம் மீன் ஏற்றப் போன வான் ஒன்றை அவரே கைகாட்டி நிறுத்தி, இந்தியாவில் இருந்து வந்த பிள்ளை, கவனமாக இறக்கிவிடு என்று என்னை ஏற்றிவிட்டார். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து பேசாலை போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்ற ஜெனிற்றா என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, பாதி வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாப்பாடு பாண் என்கிற ரொட்டியும் விளைமீன் சொதியும். தேங்காய்ப்பால் சொதியில் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டபடியே முழுக் கதையையும் கேட்டேன். தீவுக்கு அப்பால், பெருநிலத்துப் பாப்பாமோட்டையில் சிவமணி என்று ஒரு விவசாயி. அறுவடை முடிந்ததும் பேசாலைக்கு அரிசி கொண்டுவருவார், போகும்போது கருவாடு ஏற்றிப்போவார். மூன்று வருடத்துக்கு முன் கடல் கொந்தளித்து வாரக்கணக்கில் வள்ளம் இறக்க முடியாமல் ஊர் முடங்கிக் கிடந்தது. ஒருவரும் கேட்காமலே அவர் ஒரு டிராக்டர் நிறைய அரிசி கொண்டுவந்து கோயில் வளவில் இறக்கிவிட்டுப் போனார். இப்போது அவருடைய வயலை ஒட்டி ஓடும் வாய்க்காலின் கட்டு உடைந்து கிடக்கிறது. ஒன்றரை ஏக்கர், ஒரு மாதப் பயிர். மேலே உள்ள குளம் நிரம்பி வழிந்தால் அந்த உடைப்பு வழியாக வெள்ளம் நேரே வயலுக்குள் பாயும். போன இரண்டு போகமும் அப்படித்தான் போயின. இந்த முறையும் போனால் இனி விதைப்பதில்லை, மேசன் வேலைக்குப் போகப்போகிறேன் என்று கருவாடு ஏற்ற வந்தபோது சொல்லியிருக்கிறார். அங்கே நின்று கேட்டவள் றொஷானி, பத்தாம் வகுப்பு. மறுநாளே வகுப்பில் எழுந்து, சனிக்கிழமை யார் யார் வாறியள் என்று கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கடற்கரையில் மூட்டை கட்டினோம். உரப்பைகள், வீட்டுக்கு வீடு வாங்கியவை. இரண்டு பேர் வாயைப் பிடிக்க, ஒருவர் மண்வெட்டியால் அள்ளிப்போட, ஒருவர் நைலோன் கயிற்றால் முடிச்சுப்போட. அந்த முடிச்சு எனக்குக் கடைசிவரை வரவில்லை. பத்து வயதுப் பெண் என் மூட்டைகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி கட்டினாள். இருட்டுவதற்கு முன் நூற்று நாற்பது மூட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. தூத்துக்குடியில் இதைப் பார்க்க வேண்டியவர்களின் முகங்களை வரிசையாக நினைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் திட்டத்தான் வந்தார்கள். தவணைச் சோதனை வருகிற நேரத்தில் இது என்ன கூத்து என்றார்கள். பாடசாலையின் பேர் இதில் வரக்கூடாது என்று அதிபர், அதாவது தலைமையாசிரியர், ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். றொஷானியின் அப்பா பெனடிற் தன் வள்ளத்தடியில் நின்றபடியே, படிக்க வேண்டிய வயதில் மண் அள்ளுகிறார்கள் என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிவமணியண்ணை அரிசி கொண்டு வரேக்கை, உங்களுக்குச் சோதினை இருக்கோ எண்டு கேட்டோ தந்தவர், அப்பா?" என்றாள். மண்வெட்டி நிற்கவில்லை.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. போகிற வழியெல்லாம் டிராக்டர் பெட்டியில் பாடம் படிக்க வேண்டும், புத்தகப் பை இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. ஜெனிற்றா பெற்றோருக்கு வாக்குக் கொடுத்தாள்.

பெனடிற் பிறகு என் பக்கம் திரும்பினார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"தூத்துக்குடியோ ராமேஸ்வரமோ, எனக்கு எல்லாம் ஒரே கரைதான், பிள்ளை. உங்கட பக்கத்து றோலர்ப் படகு ஒருக்கா இழுத்துக்கொண்டு போனா, என்ர வலை இப்பிடித்தான் திரும்பி வரும்."

அவர் காட்டிய இடத்தில் வலைகள் குவிந்து கிடந்தன. கிழிந்தவை இல்லை, அறுந்தவை. தைத்துப் பொத்தி எடுக்கவே முடியாத அளவுக்கு நடுவில் வாரிக்கொண்டு போன வலைகள். என்னிடம் பதில் இருந்தது; அவர்களும் கூலிக்குப் போகிற ஏழைகள்தான் என்று மேடைகளில் சொல்லிப் பழகிய பதில். அதைச் சொல்வதற்குப் பதில், குனிந்து ஒரு அறுந்த முனையை எடுத்துப் பார்த்தேன். அவர் சாப்பிட்டனீரோ என்று கேட்டார். பிறகு குவியலில் இருந்து நாலு துண்டை இழுத்து, மூட்டைகள் சரியாமல் இருக்க மேலே போட்டுக் கட்டச் சொல்லிப் பிள்ளைகளிடம் எறிந்தார்.

சனிக்கிழமை விடிய இரண்டு டிராக்டர்கள் புறப்பட்டன. ஒன்றில் மண், ஒன்றில் நாங்கள். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல், உப்புக்காற்று முகத்தில் அடிக்க, பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தாவரக் கலத்தின் பாகங்களைக் கோரஸாகக் கத்திக்கொண்டு வந்தார்கள். யார்மேலோ வஞ்சம் தீர்ப்பது மாதிரி இருந்தது அந்தப் படிப்பு.

தாம்போதி முடிந்த இடத்தில் பொலிஸ்காரர் கை காட்டினார். மணல் ஏற்றுவதென்றால் இந்த நாட்டில் அனுமதிப் பத்திரம் வேண்டும். அது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. அவர் சிங்களத்தில் கேட்க, றொஷானி பள்ளியில் படித்த சிங்களத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பதில் சொன்னாள். கட்டு உடைந்தது, வயல் போகும், இது விற்க இல்லை. அவர் மூட்டைகளைச் சுற்றி வந்தார். பின்னால் அன்ரன் என்கிற ஒன்பதாம் வகுப்புப் பையன் மட்டும், அவர் இருக்கிறார் என்கிற நினைப்பே இல்லாமல், கருவும் கலச்சுவரும் என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தான். பொலிஸ்காரர் தன் சகாவிடம் என்னவோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். போகலாம் என்று கை அசைத்தார். என்ன சொன்னார் என்று பிறகு றொஷானி மொழிபெயர்த்தாள்: "மணல் கடத்துகிறவன் எவன் பாடம் படித்துக்கொண்டு போவான்?"

பாப்பாமோட்டையில் எங்களுக்காகச் சிவமணி வாய்க்கால் ஓரத்தில் நின்றார். ஒல்லியான மனிதர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். உடைப்பு இரண்டு பாகம், பன்னிரண்டடி, இருக்கும் என்றான் அன்ரன், கடல் ஆழம் அளப்பது போல் கையை விரித்துக் காட்டி. அதன் வழியே கணுக்கால் அளவு தண்ணீர் அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. அப்பால் பச்சைப் பயிர். வடக்கே வானம் கறுத்திருந்தது.

முதல் மூட்டையை இறக்கினோம். சிவமணி அதைத் தடவினார். முடிச்சை அவிழ்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இது கடற்கரை மண்ணல்லோ" என்றார்.

ஓம் என்றார்கள் பிள்ளைகள், பெருமையாக.

"ஒரு மழை காணும், உப்புக் கரைஞ்சு வயலுக்குள்ள இறங்க. வெள்ளம் வந்தா ஒரு போகம் போகும். உப்பு இறங்கினா நிலமே போகும். ஏத்துங்கோ திருப்பி."

பிறந்ததில் இருந்து அந்த மண்ணில் விளையாடிய பிள்ளைகள். அவர்களுக்கு மண் என்றால் அதுதான். அவர்களையாவது மன்னிக்கலாம். நான் உப்பளத்துக் குடும்பம். எங்கள் வீட்டுக் கொல்லையில் உப்புக் காற்றுக்கு ஒரு முருங்கை நிலைத்ததில்லை. ஒரு பட்டமும் கையில் வைத்துக்கொண்டு, முந்தின நாள் முழுக்க அந்த உப்பை நானும் ஆசை ஆசையாக அள்ளிப் போட்டிருக்கிறேன். வாக்குவாதத்தில் என் எதிர்க்கட்சிக்காரர்கள் யாரும் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டது அதற்கப்புறம்.

சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, மீனுக்கு வரம்பு கட்ட வந்தனியளோ என்று கேட்டுவிட்டுப் போனார். ஜெனிற்றாவின் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னாள். சின்னவர்கள் சிலர் டிராக்டரில் ஏறவும் தொடங்கினார்கள்.

"இறங்குங்கோடா" என்றாள் றொஷானி. "வந்தது வந்திட்டம். மண்தானே பிழை? சாக்கு கிடக்கு, மண்வெட்டி கிடக்கு, கை கிடக்கு. பாப்பாமோட்டையில மண்ணுக்கோ பஞ்சம்?"

ஊர் ரோட்டில் வயல்களுக்கு எட்டாத தூரத்தில் பெரிய பெரிய குழிகள் இருந்தன. சிவமணி கூடவே வந்து இடத்தைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு நூற்று நாற்பது மூட்டையையும் அதில் கொட்டினோம். சாக்குகளை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி ரோட்டோரத்து மழைத்தண்ணீரில் அலசினோம். ரோடு ஒன்று சரியாயிற்று, அதற்காக நாங்கள் வரவில்லை என்றாலும். மேட்டில் சிவமணி காட்டிய இடத்தில் களிமண்ணை வெட்டி மறுபடி நிரப்பத் தொடங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

களிமண் வேறு குணம். ஈரச் சாக்கு சாக்கின்மேல் நிற்காமல் வழுக்கியது. முதல் வரிசை சரிந்தது. மறுபடி அடுக்கினோம், மறுபடி சரிந்தது. மூன்றாவது தடவை தண்ணீர் இரண்டு மூட்டையை எடுத்துக்கொண்டே போய்விட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சேற்றில் உட்கார்ந்தேன். அன்ரன் போகிற மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மீனும்தானே வழுக்கும்" என்றான். "பிடிக்கிறமெல்லோ?"

பிறகு நடந்ததை நான் வேடிக்கைதான் பார்த்தேன். டிராக்டர் பெட்டியில் கிடந்த பெனடிற்றின் அறுந்த வலைகளை இழுத்து வந்தார்கள். உடைப்பின் குறுக்கே அடியில் வலையை விரித்து, அதன்மேல் மூட்டைகளை அடுக்கி, இரண்டு ஓரத்தையும் மேலே இழுத்து ஒன்றாகத் தைப்பது. சிவமணி வெட்டித் தந்த பனங்கம்புகளை இரண்டு பக்கமும் அறைந்து வலையை அதில் கட்டுவது. தைக்க ஊசி வேண்டுமே என்று நான் கேட்க வாயெடுத்தபோது, அன்ரன் புத்தகப் பையில் இருந்து கொம்பாஸ் பெட்டியை எடுத்துத் திறந்தான். பாகைமானிக்குப் பக்கத்தில் வலை ஊசி. இன்னும் ஆறு பேரின் பெட்டிகளிலும் இருந்தது. பள்ளிக்கு முன்னாலும் பின்னாலும் வலை பொத்துகிற பிள்ளைகள். நூல் கோத்து, முழங்கால் தண்ணீரில் நின்று, பார்க்காமலே தைத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அறுத்த வலை, பாப்பாமோட்டை மண்ணைச் சுற்றி இறுகிக்கொண்டு வந்தது. நானும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாடு சிவமணி வீட்டில் இருந்து வந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல். அவர்கள் வீட்டில் சனி விரதம். மீன் இல்லாத சோற்றைப் பேசாலைப் பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். பின்னால் வருமாக்கும் என்று சிலர் காத்தும் இருந்தார்கள். அன்ரன் தன் பையில் இருந்த கருவாட்டுப் பொரியலைத் தூக்கிக்கொண்டு, மரியாதையாக டிராக்டருக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். தனியாகப் போகவில்லை என்பதை, திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையில் கண்டுகொண்டேன்.

பின்னேரம் வரை இரண்டு வரிசைதான் ஏறியது. இன்னும் மூன்று வேண்டும். வலையும் முடிந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. பேசாலையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வேலைக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரையில் நிற்கும், பூசை உண்டு, மறைக்கல்வி வகுப்பு உண்டு. றொஷானி ஜெனிற்றாவின் போனை வாங்கி அப்பாவுக்கு எடுத்தாள். அந்தப் பக்கம் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது எண்டுதானே அப்பா இருக்கு. வயலுக்குப் போகக்கூடாது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. வரேக்கை மிச்ச வலையையும் கொண்டு வாங்கோ."

வைத்துவிட்டாள். வருவாரா என்று கேட்டேன். கோபமாக இருந்தால் வருவார் என்றாள்.

அன்றிரவு சிவமணி வீட்டிலேயே தங்கினோம். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பெனடிற் வந்தார். கூட ஐந்து பேர், ஒரு டிராக்டர் நிறைய வலை. பூசைச் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு இறங்கினார்கள். ஆனால் தலைமை மாறவில்லை. முடிச்சை எங்கே போட வேண்டும் என்று பெனடிற் மகளிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அவள் முந்தின நாள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். நாலாவது வரிசையில் மழை பிடித்தது. ஐந்தாவதை மழைக்குள்ளேயே அடுக்கினோம்.

குளம் நிரம்பி வழிந்து வான் பாயத் தொடங்கிவிட்டது என்று ஒருவர் ஓடி வந்து சொன்னார். கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் செம்மண் நிறமாகி ஏறியது. கட்டின் பாதி, முக்கால், மேல் மூட்டைக்கு நாலு விரல் கீழே. வலை விம்மியது. இடுக்குகளில் தண்ணீர் கசிந்து, பள்ளத்தில் இருந்த பயிரை மெல்ல மூடியது. சிவமணி கட்டின்மேல் நடந்து நடந்து ஒவ்வொரு கம்பாகக் காலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் அந்த நாலு விரலைத் தாண்டவில்லை. மழை வெறித்தபோது பள்ளத்துக் கால் பங்கு முங்கியிருந்தது. முக்கால் பங்கு, தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

சிவமணி, வரம்பை விட்டு இறங்கி நின்ற அன்ரனைப் பார்த்து, பயிரில் மிதியாதை தம்பி, தைப்பொங்கலுக்கு அது எனக்கு வேணும் என்று அதட்டினார்.

செவ்வாய்க்கிழமை அதிபர் ஜெனிற்றாவைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் இருந்து வந்தது. வாய்க்கால் கட்டில் கை வைக்கப் பாடசாலை மாணவருக்கு யார் அனுமதி கொடுத்தது, விளக்கம் தருக. நான் கொதித்துப்போய் ஒரு பதிலைத் தயாரித்தேன், இரண்டு பக்கம், நல்ல காரமாக. றொஷானி வாசித்துப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கு அக்கா, வைச்சிருங்கோ என்று திருப்பித் தந்தாள். அவர்கள் எழுதியது நாலு வரி:

'உடைப்பை அடைத்தது நாங்கள். எங்கள் பெயர்கள் கீழே உள்ளன. வாய்க்காலின் மேற்பகுதியில் இதைவிடப் பெரிய உடைப்பு ஒன்று உண்டு. அதைத் தாங்கள் எப்போது அடைப்பீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்கு முன் அறியத் தரவும்.'

கீழே இருபத்திரண்டு கையெழுத்து. கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, எனக்கும் வேண்டுமென்றால் போடலாம் என்றார்கள். போட்டேன். திரும்பிப் போகிற நாளையும் தள்ளிப் போட்டேன்.

இதை எழுதுகிற வியாழக்கிழமை வரை பதில் வரவில்லை. மேல் உடைப்பு நாலு பாகம். பாப்பாமோட்டைப் பள்ளிக்கூடத்தில் இருந்து பதினைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெனடிற்றிடம் வலை தீர்ந்துவிட்டதால், இன்று பின்னேரம் வள்ளம் வள்ளமாகப் போய் அறுந்த வலை கேட்கப் போகிறோம். நான் எந்த ஊர் என்று கேட்பார்கள். சொல்லிவிட்டுத்தான் கேட்கப் போகிறேன்.

பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு டிராக்டர் புறப்படும். மண் அங்கேயே வெட்டிக்கொள்வோம்.